பக்கக் குமிழில் ஏழு

1

ரோஸும் மகளும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்து நேற்றோடு இரண்டு வருஷம் ஆகிறது. ரோஸ் என் மனைவி, முழுப்பெயர் ரோஸம்மாள். நாளை நினைவு வைத்து மீன் குழம்பு வைத்தாள். கடல் இங்கிருந்து ரொம்ப தூரம், அதனால் ஏரி மீன். அடுப்படியிலிருந்தே அதற்கு வசவு விழுந்தது. "இன்னா மீனு இது, சேத்த அள்ளித் துன்ற மாதிரி கீது" என்றாள். காசிமேட்டுக் கரையில் கட்டுமரம் ஒதுங்கும்போதே போய் நின்று, செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கியவள் அவள். அவளிடம் ஏரி மீன் பாஸாகாது.

சாப்பிடும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "போன வருசமும் பாத்தேன். நாங்க வந்த நாளு வந்தாலே நீ எழவு வூட்டுக்காரன் மாதிரி குந்திகினு கீற. நாங்க வந்தது ஒனக்குப் புடிக்கலியா?"

பிடிக்காமல் என்ன! ஆறு வருஷம் தவம் கிடந்து வரவழைத்தவன் நான். மகள் எழுந்து கை கழுவப் போனதும், இரண்டு வருஷத்துக்கு மேலாக நெஞ்சில் அடைத்து வைத்திருந்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். அதைத்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கும் எழுதுகிறேன். 'ஆப்பிரிக்காவில் தேவசகாயம் பெரிய ஆளாகிவிட்டான்' என்று ராயபுரத்தில் பேசிக்கொள்வதாகக் கேள்வி. இதைப் படித்துவிட்டு அப்புறம் பேசிக்கொள்ளுங்கள்.

2

இந்த நாட்டுக்குப் பேர் டாங்கனீக்கா. உங்களில் பாதிப் பேருக்கு அது எந்தத் திசை என்று தெரியாது. பம்பாயில் கப்பல் ஏறும்வரை எனக்கும் தெரியாது. நான் இருப்பது உள்நாட்டில், ஒரு பெரிய மலையின் அடிவாரத்தில் உள்ள சின்ன ஊர். கடைத்தெரு முழுக்க குஜராத்திக்காரர்கள், ஆபீஸ் முழுக்க கோவாக்காரர்கள். தமிழன் என்று நான் ஒருத்தன்தான். வந்த புதிதில் குளிக்கும்போது சத்தமாகத் தமிழில் பேசிப் பார்ப்பேன், மறந்துவிடுமோ என்ற பயத்தில்.

வேட்டைத் துப்பாக்கி விற்கும் கடையில் எனக்கு வேலை. விற்பது நானில்லை. துப்பாக்கியின் முதுகில் ஒரு முழ நீளத்துக்குத் தூரக்கண்ணாடி பூட்டுகிறார்கள். ஸ்கோப் என்று பேர். அதைப் பூட்டிச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை.

ஸ்கோப்பில் கண்ணை வைத்தால் நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் மான் எதிர்வீட்டு ஆடு மாதிரி கிட்டத்தில் தெரியும். நடுவில் மெல்லியதாக ஒரு சிலுவைக் கோடு. சிலுவை எங்கே நிற்கிறதோ குண்டும் அங்கே போகும் என்றுதான் வாங்குகிறவர் நினைக்கிறார். போகாது. கண்ணாடி பார்க்கும் வழி வேறு, குழல் பார்க்கும் வழி வேறு. இரண்டையும் ஒரு புள்ளியில் சந்திக்க வைக்க வேண்டும். அதற்குத்தான் ஸ்கோப்பின் மேலே ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு குமிழ்கள். மேல் குமிழ் குண்டை ஏற்றி இறக்கும். பக்கக் குமிழ் அதை இடம் வலமாக நகர்த்தும். மூடியைக் கழற்றித் திருகினால் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல டிக், டிக் என்று கேட்கும். நாங்கள் விற்கும் ரகத்தில் ஒரு டிக்குக்கு நூறு கஜத்தில் ஒரு அங்குலம். ஐம்பது கஜத்தில் அதே டிக் அரை அங்குலம்தான் நகர்த்தும். இருநூறில் இரண்டு அங்குலம்.

துப்பாக்கியை மணல் மூட்டை மேல் சாய்த்து, நூறு கஜத்தில் ஒரு காகிதத்தை நட்டு வைத்து, மூன்று முறை சுட வேண்டும். ஒரு குண்டை நம்பிக் குமிழைத் தொடக்கூடாது. நம் மூச்சு பிசகினால்கூட ஒரு குண்டு விலகிப் போகும். மூன்றும் ஓரிடத்தில் கூடி விழுந்தால்தான் அதை நம்பலாம். புள்ளிக்கு இடப்பக்கம் ஏழு அங்குலம் தள்ளி விழுந்ததா, பக்கக் குமிழை வலத்துக்கு ஏழு டிக் திருப்பு. குழல் சூடு ஆறட்டும். மறுபடி மூன்று சுடு. புள்ளியில் விழுந்தால் வேலை முடிந்தது. இதை ஜீரோ பண்ணுவது என்பார்கள்.

வேலை முடிந்த பிறகும் ஒரு காரியம் பாக்கி உண்டு. குண்டு புள்ளியில் விழும்போது குமிழின் வளையத்தில் சைபர் இருக்காது, ஏழு இருக்கும். அந்தத் துப்பாக்கிக்கு ஏழுதான் ஜீரோ. அப்படியே கொடுத்தால் வாங்குகிறவர் குழம்புவார் என்று, வளையத்தின் சின்னத் திருகாணியைத் தளர்த்தி, எண் எழுதிய வளையத்தை மட்டும் சுற்றி, சைபரைக் கோட்டுக்கு நேராக வைத்து முடுக்கிவிடுவோம். உள்ளே இருக்கும் அச்சு அசையக்கூடாது. அசைந்தால் செய்ததெல்லாம் பாழ். வளையம் மட்டும் சுற்றும்போது டிக் சத்தம் வராது. நான் எழுதப் போவது புரிய வேண்டுமானால் இது ஒன்றை மறக்காதீர்கள்.

3

குமிழ், வளையம், திருகாணியெல்லாம் எனக்கு இங்கே வந்து பழக்கமானவை அல்ல. சண்டைக் காலம் தொட்டு, துறைமுகத்தை ஒட்டி இருந்த கருவிப் பட்டறையில் நான் வேலை பார்த்தது உங்களுக்குத் தெரியும். கப்பலில் சூரியனின் உயரம் அளக்கும் கருவி, நிலம் அளக்கும் கருவி, பைனாகுலர், எல்லாம் வரும். எண்ணூர் கழிமுகத்தில் அளக்கப் போகிறவர்கள் உப்பு பூத்துப் போனதைக் கொண்டுவந்து தலையில் கட்டுவார்கள். கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி பெட்டியில் வைப்போம்.

பெட்டியை மூடும் முன் பட்டறையில் ஒரு சட்டம். முள், வளையம், எது இருந்தாலும் சைபருக்குக் கொண்டுவந்த பிறகுதான் மூட வேண்டும். அடுத்துத் திறக்கிறவன் சைபரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் அல்லவா? அரைக் கோடு தள்ளி நின்றாலும் மேஸ்திரி விடமாட்டார். "இன்னாப்பா, வூட்டுக் கதவத் தெறந்து போட்டுட்டா வந்துகினு கீற?" என்று நாள் முழுக்க ஓட்டுவார்.

பத்து வருஷம் இப்படிப் பெட்டி மூடினால் கை என்ன ஆகும்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? தண்டையார்பேட்டையில் ஒரு டீக்கடைக்காரர் புதிதாக ரேடியோ வாங்கி, படாத பாடுபட்டு ஸ்டேஷனைப் பிடித்து வைத்திருந்தார். நான் டீ குடித்துவிட்டு எழுந்து போகும்போது, என் பாட்டுக்கு முள்ளைக் கடைசிக்குத் திருப்பிவிட்டுப் போயிருக்கிறேன். கடையே எழுந்து என்னை அடிக்க வந்தது. ரோஸ் அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். "ஒங்கிட்ட எத்தக் குடுத்தாலும் சைபருக்குக் கொண்டாந்து வுட்டுடுவ நீ" என்றாள். கல்யாணமான புதிது. நானும் சிரித்தேன்.

4

இனி ஜுமா.

ஜுமா இந்த நாட்டுக் கடற்கரைப் பக்கத்து ஆள். கடையில் பெட்டி தூக்குவது, குழல் துடைப்பது அவன் வேலை. என்னைவிட இரண்டு வயது மூத்தவன், தாடியில் பாதி நரை. எங்கள் முதலாளி ஒரு வெள்ளைக்காரத் துரை. அவர் அவனை 'பையா' என்றுதான் கூப்பிடுவார்.

சனிக்கிழமை காலையில் நானும் ஜுமாவும் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே உள்ள வறண்ட ஆற்றுக்குப் போவோம். நான் சுடுவேன். அவன் காகிதத்தில் ஓட்டைகளைப் பார்த்துவிட்டு வந்து விரலால் அளவு காட்டுவான். குமிழைத் திருப்பும்போது நான் வாய்விட்டு எண்ணுவேன். எந்த நாட்டுக்குப் போனாலும் எண்ணுவது மட்டும் சொந்தப் பாஷையில்தான் வருகிறது. கேட்டுக் கேட்டு அவனும் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று என்னோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தான். ஒரு மாதத்தில் பத்துவரை பாடமாகிவிட்டது. அப்புறம் நான் பேராசைப்பட்டு இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தேன். அதன் பிறகு தினமும் காலையில் கடைக்குள் நுழைந்ததும் "இன்னா நைனா" என்பான். ஆயிரக்கணக்கான மைலுக்கு இந்தப் பக்கம் என்னை அப்படிக் கேட்க வேறு யார் இருந்தார்கள்? சில நாள் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் படுக்கையைவிட்டு எழுந்தேன்.

குழல் ஆறக் காத்திருக்கும் நேரத்தில் நான்தான் பேசுவேன். அவன் பாஷையை உடைத்து உடைத்து, ஊரைப் பற்றி, ரோஸைப் பற்றி, மகள் பிலோமினாவைப் பற்றி. கப்பல் ஏறும்போது அவளுக்கு நாலு வயது. மனைவி மக்களை வரவழைக்கக் குடியேற்ற அனுமதி வேண்டும். இரண்டு முறை மனு போட்டு இரண்டு முறையும் திரும்பி வந்தது. ஏன் தெரியுமா? படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் என் அப்பா பெயர், சவரிமுத்து. ரோஸுக்கு அந்த இடத்தில் என் பெயர், தேவசகாயம். மிஸ்டர் சவரிமுத்துவுக்கு மிஸஸ் தேவசகாயம் எப்படி மனைவியாவாள் என்று எழுதிக் கேட்டார்கள். விளக்கம் எழுதினேன். ராயபுரத்துப் பாதிரியாரிடம் கல்யாணச் சான்று வாங்கி அனுப்பினேன். அதைப் படித்துப் புரிந்துகொள்ள அவர்களுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

இதற்குள் மகளின் கடிதங்கள் மாறிக்கொண்டே வந்தன. முதலில் கோணல் கோணலாக 'நைனா எப்ப வர்ற'. அப்புறம் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு 'மதிப்பிற்குரிய தந்தையார் அவர்களுக்கு'. அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதையும் ஜுமாவிடம்தான் சொன்னேன். அவள் பல் விழுந்தது, அம்மை போட்டது, கணக்கில் முதல் வந்தது, அவனுக்குத் தெரியாத ஒன்றுமில்லை.

5

மூன்றாவது மனுவுக்கு ஒரே ஒரு காகிதம் பாக்கி. எனக்கு நிரந்தர வேலையும் தங்க வீடும் உண்டு என்று முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம். மாதக் கடைசிக்குள் அது போய்ச் சேராவிட்டால் எல்லாம் முதலிலிருந்து என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தை டைப் அடித்து துரையின் மேஜையில் வைத்துவிட்டேன். வியாழக்கிழமை போடுகிறேன் என்றார்.

அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் அது நடந்தது. காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவரின் புதுத் துப்பாக்கி. மேல் குமிழைத் தொடவே தேவைப்படவில்லை. பக்கக் குமிழ் ஏழு டிக் வலது. அடுத்த மூன்று குண்டும் புள்ளியிலேயே விழுந்தன. ஆற்றுக்கு மேலே மழை இறங்குவதைப் பார்த்து, வளையத்தைக் கடையில் போய்ச் சரி செய்துகொள்ளலாம் என்று கிளம்பிவிட்டோம்.

கடைக்கு வந்தால் மகளின் கடிதம் மேஜையில் கிடந்தது. வாசலில் தோட்டக்காரர் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கடிதத்தைப் பிரித்து இடக்கையில் வைத்துப் படித்தேன். 'அப்பா, உங்களுக்கு மீசை இருக்கிறதா? அம்மா இருக்கிறது என்கிறாள். போட்டோவில் இல்லை. கப்பலில் இருந்து இறங்கினால் உங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?'

அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றேன். வலக்கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. பெட்டி திறந்திருக்கிறது, எண் ஏழில் நிற்கிறது, மூட வேண்டும். பத்து வருஷம் செய்ததைக் கை செய்தது. பக்கத்தில் குழலைத் துடைத்துக்கொண்டிருந்த ஜுமா டிக் சத்தம் கேட்டதும் வழக்கம்போல எண்ணினான். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழு என்று முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். கடையில் வளையத்தைச் சரி செய்யும்போது எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது என்று அவனுக்குத் தெரியும். நான் மூடியைப் போட்டு, பெட்டியை மூடி, அவனிடம் கொடுத்தேன். அவன் வண்டியில் வைத்தான்.

6

புதன்கிழமை தோட்டக்காரர் அந்தப் பெட்டியோடு வந்தார். நூறு கஜத்துக்கு மேல் நின்ற காட்டெருமையைத் தோளுக்குப் பின்னால் குறிவைத்திருக்கிறார். குண்டு விலாவைத் தாண்டிக் குடலில் பட்டிருக்கிறது. அடிபட்ட எருமை புதருக்குள் போய் நின்று, தடம் பார்க்கப் போன அவருடைய ஆள் ஒருவரின் தொடையைக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், பிழைத்துக்கொள்வார் என்றார். பிழைத்தார், ஆனால் கால் நொண்டி.

துரை பெட்டியைத் திறந்து பக்கக் குமிழின் மூடியைக் கழற்றினார். சைபர் கோட்டுக்கு நேராக நின்றது. திருகாணி தளர்த்தப்படவே இல்லை, அதில் புது பெயின்ட் அப்படியே இருந்தது. அதைப் பார்த்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வளையத்தைச் சுற்றுவதற்குப் பதில் குமிழையே ஏழு டிக் திருப்பிவிட்டிருக்கிறேன்.

தோட்டக்காரரோ, பெட்டி தூக்கியவன் திறந்து விளையாடியிருக்கிறான், இவர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று கத்தினார். துரை என்னைப் பார்த்து, நீ சுட்டபோது சரியாக இருந்ததா என்று கேட்டார். "சனிக்கிழமை மூன்று குண்டும் புள்ளியில் விழுந்தன" என்றேன். அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. இன்றுவரை நான் பேசியதிலேயே கேவலமான வார்த்தை அதுதான்.

ஜுமாவைக் கூப்பிட்டார்கள். தொட்டாயா என்று கேட்டார் துரை. இல்லை என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. நான் பேசுவதற்கு இடம் விட்டுக் காத்திருந்தான். துரையின் மேஜையில், அவர் முழங்கைக்குப் பக்கத்தில், கையெழுத்துப் போடாத என் கடிதம் இருந்தது. நான் அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலமே அவனைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். போகும் வழியில் என் மேஜைக்கு எதிரே நின்றான். 'இன்னா நைனா' என்பான் என்று ஒரு கணம் பைத்தியக்காரத்தனமாக எதிர்பார்த்தேன்.

"ஏழு" என்றான், தமிழில். அவ்வளவுதான். போய்விட்டான்.

7

வியாழக்கிழமை கையெழுத்து ஆயிற்று. நானே தபாலாபீசுக்கு நடந்து போய் ரிஜிஸ்டர் செய்தேன். வெள்ளிக்கிழமை காலை துரையின் முன் போய் நின்று, குமிழைத் திருப்பியது நான்தான் என்று சொன்னேன். கடிதம் போய்விட்ட தைரியம். வேறென்ன?

அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. தெரியும் என்றார். விளையாட்டுக்குத் திருகுகிறவன் இம்மி பிசகாமல் சைபரில் கொண்டுபோய் நிறுத்த மாட்டான், அதை உன்னைப் போன்ற ஆள்தான் செய்வான் என்றார். தோட்டக்காரர் யாரையாவது வெளியே தள்ளினால்தான் அடங்குவார். பெட்டி தூக்க நூறு பேர் கிடைப்பார்கள், ஸ்கோப் பார்க்க யார் கிடைப்பார்கள் என்று கேட்டார். ஆக, நான் புதன்கிழமையே சொல்லியிருந்தாலும் என் வேலை போயிருக்காது. கடிதத்திலும் கையெழுத்துப் போட்டிருப்பார். என் பயம்கூட தண்டம்.

ஜுமாவைத் திரும்பக் கூப்பிடலாமா என்று கேட்டேன். திங்கட்கிழமை வேறு ஆள் வருகிறான் என்றார். பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். கடற்கரை பஸ் முந்தின நாளே போயிருந்தது. அவன் எந்த ஊர்க்காரன் என்று அங்கே கேட்டார்கள். கடற்கரை என்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. கடற்கரை என்ன, நம் காசிமேடு மாதிரி ஒரு முழமா?

நாலு மாதத்தில் அனுமதி வந்தது. கப்பல் வந்தது. மீசையோடு துறைமுகத்தில் நின்றேன். மகள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு என்னை அளந்து பார்த்தாள். கூட்டத்தில் சாமான் தூக்குகிறவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 'யாரத் தேடற நீ?' என்று அப்போதே ரோஸ் கேட்டாள். கூலியாளை என்றேன்.

இப்போது பிலோமினாவுக்குப் பன்னிரண்டு வயது. என்னை டாடி என்கிறாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வருகிறது. சந்தையில் காய்கறிக்காரியோடு இந்த ஊர் பாஷையில் வெளுத்துக் கட்டுகிறாள். வந்து சேர்ந்தால் போதும் என்று கிடந்தேன், வந்துவிட்டார்கள். வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். சனிக்கிழமை மட்டும் தனியாக ஆற்றுக்குப் போகிறேன். புது ஆள் வருகிறேன் என்கிறான், நான் வேண்டாம் என்கிறேன். சுட்டுவிட்டு நானே நூறு கஜம் நடந்து போய்க் காகிதத்தைப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் வாய்க்குள்ளேதான் எண்ணுகிறேன். திருகாணியை ஆற்றங்கரையிலேயே தளர்த்தி, வளையத்தைச் சுற்றி, முடுக்கிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

இதையெல்லாம்தான் நேற்று ரோஸிடம் சொன்னேன். காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பினால் நன்றாக இருந்திருக்கும். அவள் தட்டில் இருந்த முள்ளை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தாளுக்குப் பொண்டாட்டி புள்ள கீதா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஐந்து வருஷத்துச் சனிக்கிழமைகளையும் மனசுக்குள் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன்.

"தெரியாது ரோஸு," என்றேன். "நான் கேட்டதே இல்ல."